கை மட்டும் தெரியும் படம்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஓர் உதவி செய்துவிட்டால், அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும்: "லாத்தா, படம் எங்க?" எங்களில் அக்காவை லாத்தா என்போம். அந்த லாத்தா நான்தான். கீழக்கரைக்குப் பக்கத்தில் கடலோர ஊர். வீட்டுக்கு ஓர் ஆண் வளைகுடாவில் இருப்பார், என் வீட்டுக்காரரும் அங்கேதான். ஊரில் இருக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு காப்பகத்துக்குப் போய்வருவோம். வீடில்லாத பெண்பிள்ளைகள், வீடிருந்தும் திரும்ப முடியாத பெண்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் குழுவில் போடுவேன். வளைகுடாவிலிருந்து உதவி வரும். வாங்கிக் கொடுத்துவிட்டுப் படம் போட வேண்டும். படம் இல்லாத உதவி எங்கள் ஊரில் பாதி உதவிதான்.

அனுப்புகிற ஆண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே அறையில் பத்துப் பேர், அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்து, வெயிலில் நின்று சம்பாதிப்பது. அது போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்க ஆசை இருக்காதா? ஒருவர் போனில் வந்த படத்தை அறையே சுற்றி நின்று பார்க்குமாம்.

ஆனால் பிள்ளைகளின் முகம் வெளியே தெரியக் கூடாது என்பது சட்டம். காப்பக வார்டனம்மா அதில் கறார். ஆகவே முகம் தெரியாமல் படம் எடுப்பதில் நான் கைதேர்ந்தவளாகிவிட்டேன். முதுகுப் பக்கமாக எடுப்பேன், இல்லாவிட்டால் முகத்தின் மேல் ஒரு ரோஜாப்பூவை ஒட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வத்தில் மண் விழ.

அந்தப் பிள்ளை வந்தது ஒரு மழைக்காலத்தில். சிக்கல் பக்கத்துக் கிராமம். அய்யாவும் அம்மாவும் கருவை மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்துக் கரிமூட்டம் போடுகிறவர்கள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவளுக்குத் தாய்மாமனைப் பேசி, அவர் வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் தேதிக்குக் கல்யாண நாளும் குறித்துவிட்டார்கள். இவள் பள்ளிக்கூடப் பையோடு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கிடைத்த ரயிலில் ஏறி, ராமேஸ்வரம் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். "அதுக்கு மேல போக ரயில் இல்லக்கா, கடல்தான் இருந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். யாரோ போலீசுக்குச் சொல்லி, குழந்தைகள் நலக்குழு வழியாகக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு ஒரே கணக்குதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டுக் கோடு போட்டு வைத்திருந்தாள். "எட்டு மாசம்க்கா. பதினெட்டு முடிஞ்சிட்டா யாரும் என்னைய இழுத்துட்டுப் போக முடியாது. அதுவரைக்கும் நான் எங்கன இருக்கேன்னு தெரியக் கூடாது." ஒவ்வொரு மாதம் முடியும்போதும் ஒரு கோட்டை அடிப்பாள்.

தைக்கக் கற்றுக்கொண்டாள். கை அவ்வளவு நேர்த்தி. நான் சும்மா இருப்பேனா? குழுவில் தையல் மெஷின் கேட்டேன். வளைகுடாவில் ஓர் அறையிலிருந்த பத்துப் பேர் தங்களுக்குள் பங்கு போட்டு அனுப்பிவிட்டார்கள். ராமநாதபுரத்தில் மெஷின் எடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது, படம் எங்கே என்று.

அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "நான் வேணாம்க்கா. வேற யாரையாச்சும் உக்கார வைங்க."

"மெஷின் உனக்குத்தானே வந்திருக்கு? கை மட்டும்தான் எடுப்பேன். கையைப் பாத்து யாரு புள்ள கண்டுபிடிப்பா?"

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். வலது கையைச் சக்கரத்தின் மேல் வைத்தாள். மணிக்கட்டில் பழைய தீத்தழும்பு ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிறதா என்றுதான் பார்த்தேன்.

படம் போட்டதும் இதயங்களும் மாஷா அல்லாஹ்களும் வந்து குவிந்தன. அந்த வெள்ளிக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"அக்கா, வணக்கம். மெஷின் வாங்கிக் குடுத்த ரூம்லதான் நானும் இருக்கேன். நானும் பங்கு போட்டேன்." லாத்தா என்று சொல்லாததால் எங்கள் ஆள் இல்லை என்று தெரிந்தது. "படத்துல இருக்கிற பிள்ளை சொகமா இருக்காளா?"

"அங்க எத்தனையோ பிள்ளைக இருக்கு தம்பி."

"கையில தழும்பு இருக்குல்லக்கா, அந்தப் பிள்ளை. ஆறு வயசுல மூட்டத்துல கைய வச்சுட்டா. நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்."

அந்தத் தாய்மாமன்தான் பேசுகிறார். அவளுக்கு மெஷின் வாங்கியதில் அவருக்கும் ஒரு பங்கு. அதன் படத்தைத்தான் நானே எடுத்து அவர் அறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

"எங்க அக்காகிட்ட நான் இன்னும் சொல்லல" என்றார். "எந்த ஊர்லக்கா இருக்கா?"

சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் எத்தனை நாளைக்கு? பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டால் என் ஊர், காப்பகம் எல்லாம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்காகப் பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. பாதிப் பயம் என் பெயருக்காக. மறுநாள் போய் வார்டனம்மாவிடம் கொட்டிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நீங்க நல்லதுதான் பண்ண நெனச்சீங்க. அதை நெனைச்சாத்தான் ஆத்திரமா வருது" என்றார். பேச வேண்டியவர்களிடம் பேசி, வேறு மாவட்டத்துக் காப்பகத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். எந்த மாவட்டம் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதுதான்.

அவள் கிளம்பும்போது நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பாதி தைத்த பாவாடை மெஷினிலேயே கிடந்தது. மெஷினை எடுத்துப்போக முடியாது. பள்ளிக்கூடமும் பாதியில் போயிற்று. அவள் அழவில்லை, அழுதது நான்தான்.

"நீங்க கேட்டீங்கன்னுதான்க்கா கைய வச்சேன்" என்றாள். பையைத் தோளில் மாட்டியபடி, "மாமா கோவமாப் பேசுனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. அன்பாத்தான் பேசுனாரு."

"அவரு எப்பவுமே அன்பாத்தான்க்கா பேசுவாரு. நாள் குறிச்சப்பவும் அன்பாத்தான் பேசுனாரு."

ஜீப் கிளம்பிப் போனது.

அந்த மாமன் மறுபடி அழைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் குழுவில் ஆரம்பித்தார்கள். "லாத்தா, பிள்ளை தைக்கிற படம் ஒண்ணு போடுங்க. ரூம்ல கேக்குறாங்க." பிள்ளை போய்விட்டாள் என்றால் அந்த மனிதருக்குத் தெரிந்துவிடும், எங்கே மாற்றினார்கள் என்று தேட ஆள் கிளம்பும். ஒன்றும் சொல்லாவிட்டால் மெஷின் என்னவாயிற்று என்று ஊரே கேட்கும். என் வீட்டுக்காரரும் போன் செய்தார். "ஒரு படம்தானே, போட்டுவிடேன்" என்றார். அவரிடமும் சொல்ல முடியவில்லை. நல்ல மனிதர், வாயில் எதுவும் தங்காது. இடி விழுந்தவள் மாதிரி நாலு நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காப்பகத்துக்குப் போனேன். வளையலையும் மோதிரத்தையும் கழற்றினேன். அவள் உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் துணியால் மறைத்து, சக்கரத்தில் என் கையை வைத்தேன். கூட வந்த தோழி படம் எடுத்தாள், ஏன் என்று கேட்கவில்லை. குழுவில் போட்டேன். "மாஷா அல்லாஹ், பிள்ளை நல்லாத் தைக்குது" என்று வந்தது. ஐம்பதை நெருங்கும் என் கையைப் பார்த்துச் சொன்னார்கள்.

சாயங்காலம் தனியாக ஒரு செய்தி வந்தது.

"அக்கா, இது அவ கை இல்ல."

நான் படித்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும். அந்த இரண்டு நீல டிக்குகள் காட்டிக்கொடுத்துவிடும். நம்பரைத் தடுத்துவிட்டால் பக்கத்துக் கட்டிலில் கேட்பார், கேட்டால் நேராகக் காப்பக வாசலுக்கு ஆள் வரும், அவளை மாற்றியதும் தெரிந்துவிடும். அதனால் தடுக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை. அவள் நோட்டில் இன்னும் மூன்று கோடு மிச்சம் இருக்கும்.

தினமும் காலையில் ஒரே வரி வருகிறது. "அக்கா, சொகமா இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க." அன்பாகத்தான் கேட்கிறார்.