குண்டு கீதா?

போன வாரம் கம்பெனி லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது, கிரீஸும் இரும்பும் கலந்த வாசனை மட்டும் மிச்சமிருந்தது. பத்து நிமிடம் கழித்து கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. "உள்ள ஆளு கீதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இடது கன்னத்தில் சுருக்கென்றது. 'கீதா' என்ற அந்த ஒரு சொல்லுக்கும் என் கன்னத்துக்கும் பழைய தொடர்பு உண்டு.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வருடம் அது. உத்திரமேரூருக்கு வெளியே ஓய்ந்துபோன ஒரு கல்குவாரியில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதில் எனக்குக் குழி வேலை. டார்கெட் அட்டைகளுக்குக் கீழே ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். தலைக்கு மேல் குண்டு போகும். அட்டையில் பட்டால் பட்ட இடத்தை நீளக் குச்சியால் தொட்டுக் காட்ட வேண்டும், படாவிட்டால் சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும். இதற்கு மூன்று வருடம் படித்தேனா என்று கேட்காதீர்கள். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

குழிக்குள்ளிருந்து பார்த்தால் ஒரு பாய் அகலத்துக்கு வானம் தெரியும். கல்லெல்லாம் அனலாகக் காயும். ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். மாஸ்டர் விசில் ஊதும்வரை மேலே தலையைக் காட்டக் கூடாது என்பது சட்டம். மாஸ்டர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்ப் பக்கம். வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 'இருக்கா' என்பதைக் 'கீதா' என்னும் எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவே இல்லை. போதாக்குறைக்கு ஆபீஸில் ரசீது போடும் அக்காவின் பெயர் கீதா. "கீதா கீதா?" என்று வாசலில் நின்று யாராவது கேட்பதும், "கீது, இன்னா ஓணும்?" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பதும் எங்களுக்கெல்லாம் அன்றாட வேடிக்கை. மாஸ்டர் மட்டும் சிரிக்காமல் எங்களை மாறி மாறிப் பார்ப்பார்.

அன்று எனக்கு இன்டர்வியூ. ஒரகடத்தில், மூன்று மணிக்கு. பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால்தான் வாலாஜாபாத் போய் மாற முடியும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குழிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தேன். லீவு கேட்டிருக்கலாமே என்பீர்கள். அன்று சுட வந்தவர் பெருநகர்காரர்; பெருநகர் எங்கள் பக்கத்துக் கிராமம். அப்பா அவர் நிலத்தில்தான் கூலி, எனக்கு இந்தக் குழியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் வரும் நாளில் நான் இல்லாமல் இருக்க முடியாது.

கையில் ஒரு ஜெர்மன் பிஸ்டல் கொண்டுவந்திருந்தார், குழிக்குள் இறங்குமுன் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு காலத்தில் ஜெர்மன் போலீஸ் இடுப்பில் இருந்த ரகமாம். கறுப்பாக, சின்னதாக, உண்மையிலேயே அழகாக இருந்தது. எண்ணெய் வாசனை தையல் மெஷினை ஞாபகப்படுத்தியது.

"எங்க நைனாவுது மாஸ்டர். அவரு போனதுலேர்ந்து ஸ்டேஷன்லயே பொட்டிக்குள்ள கீது, இன்னிக்கு மட்டும் எழுதிக் குட்த்து வாங்கியாந்தேன். லைசென்ஸ எம்பேருக்கு மாத்தணும்னா சுடத் தெரியும்னு சர்டிபிகேட் கேக்கறானுங்கோ."

மொத்தம் எட்டுக் குண்டு, பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். முதல் மூன்றும் அட்டைக்குச் சம்பந்தமில்லாமல் போயின. துணியை ஆட்டினேன். "நல்லா பாருடா" என்று சத்தம் வந்தது. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும், அட்டையின் ஓரத்தில் பழைய ஓட்டைகளையே தொட்டுக் காட்டினேன். எனக்கு பஸ்தான் முக்கியம். அதற்கப்புறம் வெடிச் சத்தம் இல்லை, விசிலும் இல்லை. பிஸ்டல் சிக்கிக்கொண்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்? வெயில் நேரே தலைக்கு மேலே வந்துவிட்டது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். பஸ் போய்விடும், இந்தக் குழியிலேயே கிழவனாகிவிடுவேன் என்று நிஜமாகவே பயமாக இருந்தது. கத்தினேன்.

"மாஸ்டர்! குண்டு கீதா?"

வெடிச் சத்தத்துக்காகக் காதில் மாட்டியிருந்த மஃப்பை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் அவர் கேட்டாராம். காற்றில் கடைசிச் சொல் மட்டும்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

"கீதா இல்ல கண்ணு. ஊட்டுக்குப் போயிருச்சு."

அந்தக் காற்று எனக்கு விட்டுவைத்தது "இல்ல" என்பதை மட்டும். இரண்டு கையையும் ஊன்றி மேலே எம்பினேன். அந்த நேரம் பார்த்து, சிக்கிய பிஸ்டலைப் பெருநகர்காரர் வெடுக்கென்று இழுத்தார்.

குண்டு வெடித்து, என் காதருகே டார்கெட் அட்டையின் மரச்சட்டம் பிளந்தது. மறுபடி குழிக்குள் கிடந்தேன். கன்னத்தில் ஒரு மரச்சிராய் குத்தி நின்றது, சட்டைக் காலரில் ரத்தம். மாஸ்டர் ஓடிவந்து கை நீட்டினார். "வா கண்ணு, ஒண்ணுமில்ல, வா." என்னால் ஏற முடியவில்லை. காலையிலிருந்து எப்போது வெளியே வருவோம் என்று கிடந்தவன், கை நீட்டியும் வர முடியாமல் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"குண்டு இருக்கான்னு கேக்க மாட்டியா? கீதா கீதான்னா நான் என்னன்னு நெனைக்கறது?" மாஸ்டர் கத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விசிலுக்குக் காத்திருக்காதது என் தப்பு.

பெருநகர்காரர் குழியை எட்டிப் பார்த்தார். "இவனுங்க பேச்சே அப்படித்தான் மாஸ்டர். பிஸ்டலுக்கு இன்னாவாச்சும் ஆயிட்ச்சா பாருங்கோ."

இன்னாவாச்சும். அவரும் அதே பேச்சுதான். ஆனால் அசிங்கம் என் வாயில் மட்டும். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

கீதா அக்காவின் தம்பி வண்டியில் கொண்டுபோய் விட்டதில் பஸ் கிடைத்தது. கன்னத்தில் பிளாஸ்திரியோடு போய் உட்கார்ந்தேன். "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்றார்கள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு "இருக்கு சார்" என்றேன். வேலை கிடைத்தது. அன்று விழுங்கியதுதான், பிறகு வீட்டில்கூட வாயில் வரவில்லை. "இன்னாடா, டிவில பேசறவன் மாதிரி பேசற?" என்று அம்மா கொஞ்ச நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். கிளப்பும் அடுத்த வருடமே மூடிவிட்டது. குவாரியில் இப்போது தண்ணீர் நிற்கிறது, குழி எங்கே இருந்தது என்று என்னாலேயே காட்ட முடியாது.

லிஃப்டுக்குள் நின்றுகொண்டு "இருக்கேன்" என்றேன்.

வெளியே அந்தக் குரல் சட்டென்று மாறியது. "சாரி சார். உள்ள இருக்கீங்களா சார்? ரெண்டு நிமிஷம் சார்."

கதவைத் திறந்து கை நீட்டி மேலே ஏற்றியவன் வியர்த்துப்போயிருந்தான். எந்த ஊர் தம்பி என்று கேட்டேன்.

"உத்திரமேரூர் பக்கம் சார். உங்களுக்குத் தெரியாது."

"அப்படியா" என்றேன்.