ஐயாயிரத்துக்குள் அடங்கிய ஆறு கதவுகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு, ஒரே ஒரு கொத்துக்கரண்டியோடு தில்லிக்கு ரயிலேறியவன் இந்த ஏகாம்பரம். இன்று துவாரகாவில் போய்க் கேளுங்கள், நான் எழுப்பிய சுவரில் ஒரு விரிசல் காட்ட முடியாது. அப்படிப்பட்ட என்னையே, செய்த வேலையை மறுபடி செய்ய வைத்தவள் ஒருத்தி உண்டு. அவள் ஆராயி.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. தில்லியில் நம் ஊர்க்காரர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் குடிசை. லோதி ரோட்டில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். புருஷன் இல்லை, பத்தாவது படிக்கும் மகள் அபிராமி மட்டும்தான். தொண்ணூற்றெட்டில் கேம்ப் பொதுக் கழிப்பிடத்தில் பெண்கள் பக்கத்து ஆறு கதவுகளும் உளுத்து விழுந்துவிட்டன. விடிவதற்குள் போய்வந்தால், பிறகு இருட்டும்வரை அபிராமி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பள்ளியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள்.

ரிப்பேர் வேலை என்னிடம் வந்தது. ஒன்பதாயிரம் ஆகும் என்றேன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த மாநகராட்சி ஜூனியர் இன்ஜினியர் வைத்தி தலையில் கைவைத்தார்.

“அரே பாய், என் கையெழுத்து ஐயாயிரத்தோட நின்னுடும். அதுக்கு மேல போனா டெண்டர், ஃபைல், ரெண்டு வருஷம்.”

“ரெண்டு பில்லாப் போட்டுக்கலாமே சார்?”

“ஆடிட்ல மாட்டினா என் வேலை போயிடும்யா!”

படித்தவருக்கு அவ்வளவுதான் ஓடியது. நான் அரை நிமிஷத்தில் வழி சொன்னேன்: அரைக் கதவு. தரையிலிருந்து மூன்றடி உயரம். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஆறையும் மாட்டிவிட்டேன். வைத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆராயி குலுக்கவில்லை.

“மேஸ்திரிண்ணா, இது ஆட்டுப்பட்டிக்குச் செஞ்ச கதவா?”

“உக்காந்தா மறையுதில்ல?”

“எழுந்தா? குழாயடியில நிக்கிற ஆம்பளைங்களப் பாத்துக்கிட்டே பாவாடை கட்டச் சொல்றியா? உன் பொண்டாட்டிய ஒரு நாள் அனுப்பு, பாக்கலாம்.”

இது என் பெண்டாட்டி காதுக்கும் போயிற்று. இரண்டு நாள் எனக்கு ஆறிய சோறுதான்.

ஆராயி வேலை செய்த வீடுகளில் ஒன்று, வைத்திக்கெல்லாம் மேலே இருந்த பெரிய அதிகாரியுடையது. ஐயாயிரத்துக்கு மேல் ஏன் கூடாது என்று அவரிடமே கேட்டாள். “வரம்பை உயர்த்தச் சொல்லி வருஷா வருஷம் ஃபைல் வருகிறது. எல்லா வேலையும் ஐயாயிரத்துக்குள் முடிந்ததாகத்தானே எழுதியிருக்கிறார்கள்? பிறகு எதற்கு உயர்த்துவது?” என்றாராம். என் கதவும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

“அச்சா சாப். ஒரு தரம் வந்து பாருங்க. இல்லேன்னா நாளையிலேருந்து பாத்திரத்த நீங்களே தேய்ச்சுக்கங்க.”

அந்த வீட்டு அம்மாளே “ஜல்தி, ஜல்தி” என்று அவரைக் காரில் ஏற்றி அனுப்பினாராம்.

ஆபீஸ் போகும் வழியில் டையும் கோட்டுமாக வந்து இறங்கினார். நானும் வைத்தியும் விறைத்து நின்றோம். ஆராயி ஒரு கதவைத் திறந்து, “உள்ளே நில்லுங்க சாப்” என்றாள். ஆறடி ஆள். கதவு இடுப்போடு நின்றது. டை, கண்ணாடி, மீசை எல்லாம் வெளியே. குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் விடுவார்களா? “நமஸ்தே சாப்!” “நமஸ்தே சாப்!” பழக்கதோஷம், அவரும் உள்ளே நின்றபடியே ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். பாப்பம்மாள் கிழவி கதவருகே வந்து, “சாப், என் ரேஷன் கார்டு எப்போ வரும்?” என்று மனுவையே நீட்டிவிட்டாள்.

வேர்த்து வழிய வெளியே வந்தார். யாரையும் திட்டவில்லை. “முழுக் கதவு எவ்வளவு?” என்று மட்டும் வைத்தியிடம் கேட்டார்.

மூன்றாம் மாதம் வரம்பு பத்தாயிரமாயிற்று. ஆறு முழுக் கதவுகள் மாட்டினேன், நல்ல கனமான தகடு. யானை முட்டினாலும் அசையாது. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, முதலில் அபிராமி போய்வந்தாள். அடுத்து ஆராயி போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அதன்பின் ஆளைக் காணோம். வெளியே வரிசை நீண்டது.

“உள்ள என்னாடி பண்ற?” என்று பாப்பம்மாள் கதவைத் தட்டினாள்.

“ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்கிறேன். போங்கடி!”