ஒன்பதாம் நிலையில் ரோல்ஸ் வாசனை

சென்ற ஆண்டு பெரிய வெள்ளியன்று, எங்கள் கோயில் பங்கு முழுவதும் ஒருசந்தி நோன்பில் இருந்த வேளையில், தெருவெல்லாம் மாட்டிறைச்சி ரோல்ஸ் மணக்கச் செய்தவன் நான்தான்!

பேக்கரிக் கபிரியேல் அல்ல. நான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்... தனியாக, அவருடைய போறணை அடுப்புக்கு முன்னால், கையில் ஓர் எலிக்கூட்டோடு. அதற்குப் பிறகு எனக்குச் சிரிக்க வாய்க்கவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எது எரியும், எது வெடிக்கும், எதை எதற்குப் பக்கத்தில் அடுக்கக் கூடாது என்று சோதித்துச் சொல்வது என் தொழில். களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கை உயர்த்துவேன்; களஞ்சியப் பொறுப்பாளர்கள் அதைக் கண்டே நடுங்குவார்கள். ஓய்வு பெற்று மன்னாருக்குத் திரும்பிய பின் நடுங்குவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. என் மனைவி றீற்றா எக்காலத்திலும் நடுங்கியவள் அல்லள். தெருக் கழுதைகள் எனக்கு வழிகூட விடுவதில்லை.

மிஞ்சியிருந்தவர் மதிலுக்கு அப்பால் பேக்கரி வைத்திருக்கும் கபிரியேல். பாண், பணிஸ், பஸ் நிலையத்துக்குப் போகும் ரோல்ஸ், கட்லட். பொரித்து முடிந்ததும் எண்ணெயில் மிதக்கும் பாண்தூளை அரிதட்டால் வாரி, சூட்டோடு சூடாக ஓர் உரப்பையில் கொட்டி, விறகு அடுக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். கோழிகளுக்குத் தீன்.

சூடான எண்ணெய்த் தூள், உரப்பை, விறகு! என் கந்தோர் வேலைக் காலத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டிருந்தால் அந்த இடத்தையே இழுத்துப் பூட்டியிருப்பேன்.

விளங்கச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் விலை ஏறிய பின் அவர் சோயா எண்ணெய்க்கு மாறியிருந்தார். அந்த வகை எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடு கொள்ளும். பரப்பி வைத்தால் சூடு வெளியே போய்விடும். குவித்து வைத்தால் போக வழியில்லை... உள்ளேயே இருந்து ஏறும். ஏறி ஏறி, ஒருவரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும்.

இதை அவரிடம் சொன்னேன். கடை நிறைய ஆட்கள் இருந்த நேரம் பார்த்துச் சொன்னது என் பிழை.

“எண்ணெயில அந்தக் கொதி கொதிக்கேக்கை பத்தாதது, பைக்குள்ள சும்மா கிடந்து பத்துமோ சேர்?”

“பத்தும் கபிரியேல். இது விஞ்ஞானம்.”

“என்ர மனிசியும் இருந்த இடத்திலயே இருந்து சூடாகிறவள்தான் சேர். கலியாணம் கட்டின நாளிலயிருந்து பாக்கிறன், இன்னும் பத்தேல்லை!”

பாண் வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் மூப்பர், கோயில் காரியங்களையெல்லாம் நடத்துகிறவர், அவரும் சிரித்தார். தேத்தண்ணீர் மூக்கால் வந்தது.

அந்தச் சிரிப்புத்தான்... வேறு காரணம் ஏதும் தேடாதீர்கள். பொதுமக்கள் பாதுகாப்பு என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அந்தச் சிரிப்பைத்தான் நான் பொறுக்கமாட்டாமல் இருந்தேன்.

இங்கே இன்னொன்றும் நீங்கள் அறிய வேண்டும். பெரிய வெள்ளி மாலையில் இறந்த ஆண்டவரின் திருச்சுரூபத்தை ஆசந்தியில் கிடத்தி, தோளில் சுமந்து தெருக்களைச் சுற்றி வருவோம். யார் சுமப்பது என்பதை மூப்பர் தீர்மானிப்பார். கபிரியேலின் மகளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயின. மூன்றாவது உயிரோடு கையில் கிடைத்தால் ஆசந்தி தூக்குவேன் என்று அவர் நேர்த்தி வைத்திருந்தார். கிடைத்தது. பெண் பிள்ளை, நல்ல சத்தம். அந்த ஆண்டு முன் வலது மூலை கபிரியேலுக்கு என்று முடிவாயிற்று. வெளுத்து மடித்த வெள்ளை வேட்டியையும் சால்வையையும் மதிலுக்கு மேலால் எனக்குக் காட்டினார்.

“மடிப்புக் குலையாமல் வைச்சிருக்கிறன் சேர். கோழி கிட்டப் போனாலும் மனிசி கத்துறாள்.”

பெரிய வெள்ளிதான் அந்தப் போறணை ஓய்ந்திருக்கும் ஒரே நாள். ஆசந்தியைப் பூவால் சோடிக்க அவர் காலையிலேயே கோயிலுக்குப் போகும்போது பேக்கரிச் சாவியை என்னிடம் தந்தார்.

“கோழிக்குத் தண்ணி மட்டும் வைச்சுவிடுங்கோ சேர்.”

வைத்தேன். அந்தக் கடமையில் குறை இல்லை.

சோதனை முறை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கம்பிவலைக் கூடையில் தூளை நிரப்ப வேண்டும். மாறாத சூட்டில் வைக்க வேண்டும். நடுவில் வெப்பமானியைச் செருகி, சுற்றியுள்ள சூட்டை நடுச்சூடு மீறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடைக்குப் பதில், எலி பிடிக்கும் கம்பிக் கூடு. வெப்பமானி, ஆய்வுகூடத்திலிருந்து என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றது. போறணையோ... முதல் நாள் எரித்த சூட்டை அந்தக் கற்கள் அப்படியே பிடித்து வைத்திருந்தன. அவ்வளவு நேர்த்தியான அடுப்பு எங்கள் ஆய்வுகூடத்திலேயே இருந்ததில்லை!

முறையின் முதல் விதி: சோதனையை விட்டு அகலக் கூடாது. எத்தனை இளைஞர்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! ஆனால் சிலுவைப்பாதைத் தியானங்களை ஒலிவாங்கியில் வாசிப்பவன் நான். என் குரலுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. போறணையின் கதவைச் சாத்திவிட்டு, சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, கோயிலுக்குப் போனேன்.

பக்தியோடு வாசித்தேன். தெருத்தெருவாக நின்று செபிக்கும் பதினான்கு நிலைகளில் முதல் எட்டும் சிறப்பாக நடந்தன.

ஒன்பதாம் நிலை கபிரியேலின் வாசல் படலையடியில். மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி, சிலுவை எல்லாம் அவர் வீட்டார் வைத்திருந்தார்கள். ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார். நாங்கள் முழங்காலில் நின்றோம். அப்போது கடற்காற்று ஒருமுறை திரும்பியது...

உங்களுக்குப் பசி தெரியுமா? காலையிலிருந்து வெறும் தண்ணீரோடு, வெயிலில் எட்டு நிலைகள் நடந்து வந்தவர்களின் பசி! அந்தப் பசிக்குள் மாட்டிறைச்சியும் வெங்காயமும் மிளகும் எண்ணெயும் சேர்ந்து, பொன்னிறமாகப் பொரிந்து, பவனியாக நுழைந்தன.

பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

“யேசுவே... இது ரோல்ஸ் மணமெல்லே!”

“மாட்டு ரோல்ஸ்” என்று இன்னொருவர் திருத்தினார். “கபிரியேலின்ர கைதான். வெங்காயம் கொஞ்சம் கூட.”

எல்லாத் தலைகளும் உயர்ந்தன. பேக்கரிப் புகைபோக்கியிலிருந்து வெண்புகை எங்கள் பக்கம் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

மூப்பர் முழங்காலில் நின்றபடியே திரும்பினார். “கபிரியேல்! பெரிய வெள்ளியிலயோ?”

“ஆண்டவராணை நான் மூட்டேல்லை!” கபிரியேலும் அண்ணாந்து புகையைப் பார்த்தார். அவருடைய முகத்தை நான் மறக்க முயன்றிருக்கிறேன். “பாதர், நான் விடியவே கோயிலுக்கு வந்தனான். ஆசந்திக்குப் பூக் கட்டினனான். நீங்களும் கண்டனீங்கள்தானே!”

“மூட்டிப்போட்டு வந்திருப்பாய்” என்றார் மூப்பர். “நாளையான் ஓடருக்கு.”

“சாவிகூடச் சேரிட்டத்தான் இருக்கு!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் ஒலிவாங்கி இருந்தது. இயங்கிக்கொண்டிருந்தது! ஒரே ஒரு வாக்கியம் போதும்; கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். ‘அது என் சோதனை.’ இவ்வளவுதான்.

சொன்னேனா?

“பத்தாம் நிலைக்குச் செல்வோம்” என்றேன். நல்ல தெளிவான உச்சரிப்பு.

சாவி என்னிடம் இருந்ததை ஊரே கேட்டது. ஆனாலும் ஒருவருடைய மனத்திலும் சந்தேகம் எழவில்லை. கண்ணாடி போட்டு, பென்சன் எடுத்து, தியானம் வாசிக்கும் ஒரு மனிதன் அடுத்தவன் போறணையில் எலிக்கூட்டை வேகவைப்பான் என்று யார்தான் நினைப்பார்கள்?

சிலுவைப்பாதை முடிந்ததும் பாதர், மூப்பர், கபிரியேல் மூவரும் பேக்கரி வாசலுக்கு வந்தார்கள். “தள்ளி நில்லுங்கோ” என்றேன். “புகை இருக்கிற இடத்துக்குப் பழக்கப்பட்ட ஆள்தான் முதல் போகவேணும். அதுதான் முறை.” மூவரும் பின்வாங்கினார்கள். முறை என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வலிமை.

உள்ளே போய்ப் போறணைக் கதவைத் திறந்தேன். எலிக்கூட்டுக்குள் தூள் நடுவிலிருந்து சிவந்து கனன்றுகொண்டிருந்தது. வெப்பமானி வெடித்துப் போயிருந்தது. பற்றியிருந்தது! தானாக! நான் சொன்னபடியே!

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்... அந்தக் கணத்தில் கபிரியேலும் இல்லை, பெரிய வெள்ளியும் இல்லை. நான் சரி என்பது மட்டுமே இருந்தது. சிரித்தேன். பிறகு எலிக்கூட்டைக் கோழிகளின் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, மதிலுக்கு மேலால் என் வளவுக்குள் எறிந்துவிட்டு, வெளியே வந்தேன்.

“என்ன சேர், நெருப்பு இருக்கோ?” என்று பாதர் கேட்டார்.

சோதனைக்காரன் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். ஊகத்தைச் சொல்லக் கூடாது. அதுவும் முறைதான்.

“போறணை சூடாய் இருக்கு, பாதர்” என்றேன்.

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்! அது முதல் நாள் சூடு என்பதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். கபிரியேல் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தபடி நின்றார். பிறகு மெதுவாக, தனக்குத் தானே சொல்வது போல், “நேற்றையான் கொள்ளியை நான்தான் வடிவா அணைக்கேல்லைப் போல...” என்றார்.

செய்யாத பிழையை அவரே எடுத்துக்கொண்டார். நான் கொடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை!

மாலையில் கபிரியேல் வெள்ளை வேட்டியோடு கோயிலடிக்கு வந்தார். பாதர் யோசித்தார், ஆனால் மூப்பர் விடவில்லை. “சனம் கதைக்கும் பாதர். ஆசந்தியில ரோல்ஸ் மணக்குதெண்டு சிரிப்பாங்கள்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உயரம் சேருக்கும் சரியாய் இருக்கும்.”

என்னிடம் வெள்ளைச் சால்வை இல்லை. கபிரியேல் தன்னுடையதைக் கழற்றித் தந்தார். மடிப்புக் குலையாமல் இருந்தது.

சுமந்தேன். முன் வலது மூலை. தெருவின் இரு பக்கமும் ஆட்கள் முழங்காலில் நின்றார்கள். கபிரியேல் பேக்கரிப் படலையடியில் நின்றார், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. ஆசந்தி கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து நெற்றியில் சிலுவை போட வைத்தார். நான் நேரே பார்த்து நடந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேனே! அரசாங்க வெப்பமானி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்ததாகச் சொன்னேன். பாதர் சில செபங்களைத் தந்தார், சொல்லி முடித்தேன். அந்த வெப்பமானி எங்கே வெடித்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

இப்போது என் நிலையைப் பாருங்கள். அந்தப் பை பற்றும் என்று உலகிலேயே எனக்கு மட்டும் உறுதியாகத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்! ஆகவே அந்தி சாயும் நேரங்களில், ஒருவரும் பார்க்காத சமயம், மதிலுக்கு மேலால் அந்த உரப்பைக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த வயதில், ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று!

“கழுதைதான் சேர் பைக்குள்ள மூத்திரம் பெய்யுது” என்று கபிரியேல் ஒருநாள் முறையிட்டார். “என்ன மருந்து செய்யிறது?”

“கழுதைக்கு மருந்தில்லை” என்றேன். அதிலும் பொய் இல்லை.

இந்த ஆண்டுத் தவக்காலம் தொடங்கிவிட்டது. நேற்று அவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடதாசிப் பொதி. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“சேர், மூப்பரிட்ட எனக்காண்டி ஒருக்கா கதையுங்கோ. அந்த நேர்த்தி அப்பிடியே கிடக்குது. பிள்ளைக்குத் தடிமன் இருமல் வந்தாலும் மனிசி அதைத்தான் சொல்லுறாள், நடக்கப் பிந்தினாலும் அதைத்தான் சொல்லுறாள். மகள் ஒண்டும் சொல்லுறேல்லை. அதுதான் கூடக் கஷ்டம்.”

நான் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. ஒலிவாங்கிகூட இல்லை.

“பாப்பம்” என்றேன்.

“உங்களிட்ட ஏன் வந்தனான் தெரியுமோ?” படியில் இறங்கப் போனவர் திரும்பினார். “அண்டைக்கு ஊரெல்லாம் வாய்க்கு வந்தபடி கதைச்சவை. நீங்கள் மட்டுந்தான் சேர் கண்டதைச் சொன்னனீங்கள்.”

அவர் போன பின் பொதியைத் தொட்டுப் பார்த்தேன். ரோல்ஸ்... அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தவை. இறைச்சி அல்ல, தவக்காலமாகையால் மீன். அதைக்கூட யோசித்துப் பொரித்திருக்கிறார்.

இரவு மூப்பர் வந்து, இந்த முறையும் முன் வலது மூலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கபிரியேலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும்... ஆம், உங்களுக்குத் தெரியும்.

“இஞ்சருங்கோ, என்ன பொதியையே பாத்துக்கொண்டு இருக்கிறியள்?” என்று றீற்றா உள்ளேயிருந்து கேட்டாள். “எப்பவோ ஆறியிருக்கும்.”

கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் இன்னும் சூடு இருந்தது.