நாலு விரற்கடை

"கொஞ்சம் பின்னால போங்க சார். இன்னும் கொஞ்சம். வலிக்குதா?"

இரண்டு முழங்கால்களையும் பிடித்து மெல்லத் தள்ளுகிறார். சாருக்கு வலிக்காது. எழுபத்தெட்டுக் கிலோ எஃகும் ரப்பருமான சோதனைப் பொம்மை அது. சற்று நேரத்தில் காரோடு போய்ச் சுவரில் மோதப்போகிறது. அதன் அடிமுதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கிறார். நுழைந்தால் மறுபடி முதலிலிருந்து. நுழையாவிட்டால், கேமராவுக்கு அடையாளமான கறுப்பு மஞ்சள் வட்ட ஸ்டிக்கரைத் தோளில் ஒட்டி, இரண்டு தட்டுத் தட்டுவார். "போய்ட்டு வாங்க."

பொம்மைகளை இப்படி உபசரிப்பதால் எங்கள் மோதல் சோதனைக் கூடத்தில் அவருக்குச் சம்பந்தி என்றே பெயர். பொம்மைக்கு 'நீங்க'. மேலாளர் உட்பட மற்ற எல்லோருக்கும் 'நீ'. யாரோ காரணம் கேட்டதற்கு, "அவங்க நமக்காக அடி வாங்குறாங்க. நீ என்ன வாங்குற?" என்றாராம்.

ஆலோசனைக் கூட்டத்தில் சரிந்து உட்கார்ந்தால் போச்சு. பின்னாலிருந்து அக்குளில் கைவிட்டுத் தூக்கி நிமிர்த்திவிட்டுப் போவார். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரை நிமிர்த்தப்போய், அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடியதாகக் கேள்வி. பொம்மையின் அடிமுதுகு ஒரு ரப்பர்த் தூண். நைந்தால் கழற்றிப் புதிதாக மாட்டலாம். அலமாரியில் எப்போதும் இரண்டு வைத்திருப்பார். வருகிறவர்களிடம் ஒன்றைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லி, "நமக்கு இது கிடையாதுப்பா" என்பார்.

இவரால் நிமிர்த்த முடியாத ஒரே ஆள் இவர் மனைவி, எங்களுக்கு அக்கா. காரில் ஏறியதும் இருக்கையைச் சாய்த்து, இடுப்பை நாலு விரற்கடை முன்னால் நழுவவிட்டுத் தூங்கிவிடுவார். அப்படிக் கிடக்கும்போது கார் மோதினால் பெல்ட் இடுப்பெலும்பைப் பிடிக்காது; வயிற்றுக்கு ஏறும். உடம்பு அதற்கடியில் வழுக்கிக்கொண்டு போகும். அடிமுதுகு நசுங்கும். சொல்லிச் சொல்லிச் சம்பந்திக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உங்க பொம்மைக்கு வீட்டு வேலை இருக்கா? இல்லல்ல. அதான் நிமிந்து உக்காருது" என்பார் அக்கா.

போன வாரம் ஒருநாள் காலையில், வரும் வழியெல்லாம் இதே சண்டை. அக்காவை அவர் அலுவலகத்தில் இறக்கிவிட்டு, வந்த சூட்டோடு பொம்மையை உட்காரவைத்தார் சம்பந்தி. பொம்மை உட்கார்ந்திருக்கும் கோணத்தை அளந்து எழுத வேண்டியவன் நான். சம்பந்தி கை வைத்துவிட்டால் யாரும் அளப்பதில்லை. போன சோதனையின் எண்ணையே எழுதிவைத்தேன்.

கார் மோதியது. பொம்மை பெல்ட்டுக்கடியில் வழுக்கி, கால் வைக்கும் இடத்தில் சுருண்டது. அடிமுதுகு வாங்கிய அடியைக் காட்டும் கோடு கணினித் திரையைத் தாண்டி ஏறிப்போயிற்று. படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மோதுவதற்கு முன்பே இருக்கை சாய்ந்திருந்தது. இடுப்பு நாலு விரற்கடை முன்னால். அவர் கை அவரைக் கேட்காமலே அக்காவை உட்காரவைத்திருக்கிறது.

மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். 'வீட்டு ஞாபகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் சம்பந்தி. நான் எழுதிய எண்ணைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மாலையில் என்னையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு அக்காவை அழைக்கப் போனார். அலுவலக வாசலில் காரை நிறுத்தி, அக்கா முன்னிருக்கையில் ஏறியதும் போனில் படத்தைக் காட்டினார். அக்கா இரண்டு முறை பார்த்தார்.

"எனக்கு இவ்ளோ தொப்பை கிடையாது" என்றார். பிறகு, "முதுகு?"

"கழட்டிட்டு வேற மாட்டுனேன்."

அக்கா நெம்புகோலை இழுத்து இருக்கையை நிமிர்த்தினார். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். சம்பந்தி உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. சட்டைப்பையிலிருந்து கறுப்பு மஞ்சள் வட்டம் ஒன்றை எடுத்து அக்காவின் தோளில் ஒட்டி, இரண்டு தட்டுத் தட்டினார். 'போய்ட்டு வாங்க' மட்டும் சொல்லவில்லை.