கப்பாசிட்டர் விழுங்கிய லாரி

"டிரைவர் பொய் சொல்றார்னு எழுதிக் கொடுங்க, விஷயம் முடிஞ்சுது" என்றார் எங்கள் மேனேஜர். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொல்லிமலைச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் கம்பெனியின் ரேடார் சென்சார் இருந்தது. மேலிருந்து வண்டி இறங்கினால், ஏறி வருபவருக்குச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அன்று எரியவில்லை. மலையேறி செம்மேட்டுக்குப் போன மினி பஸ், மேலிருந்து இறங்கிய மரவள்ளி லோடு லாரியோடு உரசிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பஸ் டிரைவர் பழனிசாமியை பஸ் முதலாளி வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார். சென்சாரில் கோளாறு இல்லை என்று நாங்கள் எழுதினால் அவர் வேலை போய்விடும்.

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். பழனிசாமி வளைவிலேயே காத்திருந்தார்.

"ஏனுங்க சார், லைட்டு எரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க உள்ள பூந்திருப்பேன்? காரு வந்தா எரியுதுங்க. லோடு லாரி ஊர்ந்து வந்தா எரிய மாட்டேங்குதுங்க. சொன்னா யாருங்க கேக்கறாங்க?"

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது.

ரேடாருக்குள் மிக்சர் என்று ஒரு பகுதி உண்டு. அது, அனுப்பிய அலையையும் வண்டியில் பட்டுத் திரும்பிய அலையையும் கலந்து வித்தியாசத்தைத் தரும். வண்டி மெதுவாக வந்தால் அந்த வித்தியாச அலையும் மெதுவாக ஆடும். அனுப்பும் அலை கசிந்து தன்னோடு தானே கலந்தால், வண்டியே இல்லாதபோதும் ஒரு வோல்டேஜ் அசையாமல் நிற்கும். அதுதான் டி.சி. ஆஃப்செட். பழைய போர்டில் இருந்தது டயோடு வைத்த, சிக்னலைப் பெருக்காத பேசிவ் மிக்சர், ஆஃப்செட் சொற்பம். சிக்னலைப் பெருக்கியும் தருகிறதே என்று எங்கள் டிசைன்காரர்கள் ஆக்டிவ் மிக்சருக்கு மாறினார்கள். ஆஃப்செட்டும் வீங்கியது, அடுத்திருந்த ஆம்ப்ளிஃபயர் திணறியது. கசிவைக் குறைக்க மெனக்கெடாமல் வழியில், அசையாத வோல்டேஜைத் தடுக்கும் ஒரு கப்பாசிட்டரைப் போட்டுவிட்டார்கள். அது ஆஃப்செட்டோடு மெதுவான அலையையும் தடுத்துவிட்டது.

பெட்டியைத் திறந்து, ஒரு லோடு லாரியை முதல் கியரில் இறங்கச் சொன்னேன். ஸ்கோப்பில், கப்பாசிட்டருக்கு முன்னால் அலை அழகாக ஆடியது. பின்னால் வெறும் கோடு.

மேனேஜருக்கு ஃபோன் செய்தேன்.

"லேப்ல நாற்பது கிலோமீட்டர் வேகத்துல பாஸ் ஆச்சே?" என்றார்.

"இந்த வளைவுல நாற்பதுல வந்தா வண்டி பள்ளத்துல கிடக்கும் சார்!"

"அந்த டெஸ்ட் ரிப்போர்ட்ல யார் கையெழுத்து?"

என் கையெழுத்து. மிரட்டத்தான் கேட்டார். ஆனால் அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேல் திரும்பியது. மலைச்சாலைக் கருவியை ஏசி அறையில் சோதித்து, சரி என்று எழுதியவன் நான்தானே.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: விளக்கு எரியவில்லை. குற்றம் எங்கள் சர்க்யூட்டுடையது. சோதித்தவன் நான்.

பழனிசாமி படித்துப் பார்த்தார். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவர் மறுபடி பஸ் ஏறினார். எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, சர்க்யூட்டில் வேண்டாததை வெட்டும்போது கூடவே எது போகிறது என்று பாருங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் தண்டனை உங்களுக்கு வராது. எங்கோ ஒரு வளைவில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரும்.