பிளேடு அக்காவும் பத்து மொட்டுகளும்

நறுக்கும்போது பிளேடு அக்கா மூச்சுவிட மாட்டார். ஜன்னலோர மேசையில் முழங்கைகளை ஊன்றி, பாதியாக ஒடித்த சவர பிளேடை இரண்டு விரல்களில் பிடித்து ஒரே இழுப்பு. கிண்ணத்துத் தண்ணீரில் விழும் தண்டுத் துண்டின் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். "ம்... அடுத்தது யாரு?" என்ற பிறகுதான் மூச்சு வரும்.

மலையூர்ப் பெண்கள் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். 'பிளேடு அக்கா' என்பது மாணவிகள் வைத்த பெயர். தலைமையாசிரியைகூட ஒருமுறை வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார்.

அக்காவுக்கு ஒரு பைத்தியம் உண்டு: டான்டேலியன். மைதானத்து ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து, சில நாள் மூடிக் கிடந்து, பிறகு வெள்ளைப் பஞ்சுருண்டையாக விரிகிற களை. "காத்துல ஈரம் இருந்தா விதையோட பஞ்சுக் குடையை மடக்கிக்கும். காஞ்சாத்தான் கிளம்பும். காரியக்காரி!" என்பார். காலையில் அதைப் பார்த்துவிட்டு, இன்று பந்தை வெளியே எடுக்கலாமா என்று விளையாட்டு ஆசிரியைக்குச் சொல்லிவிடுவார்.

புதிதாக வந்த உயிரியல் ஆசிரியர் ஒருநாள், 'மகரந்தம் இல்லையேல் விதை இல்லை' என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். பின்னால் குடுவை கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்கு நாக்கு நிற்கவில்லை.

"டான்டேலியனுக்கு வேணாம் சார். அது தானாவே பெத்துக்கும்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியரின் காது சிவந்தது. "ஏம்மா, உன் வேலையைப் பாரு."

சாயங்காலம் தலைமையாசிரியை அழைத்தார். "இன்னொரு தடவை வகுப்புல வாய் குடுத்தா, சாமான் அறைக்குத்தான் மாத்தணும்."

சாமான் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஆனாலும் அக்கா விடவில்லை. "நாலு வாரம் டைம் குடுங்க மேடம். நான் சொன்னது தப்புன்னா, அந்த அறைச் சாவியை நானே வந்து வாங்கிக்கறேன்."

மறுநாள் செடிகளை வேரோடு தோண்டித் தொட்டிகளில் நட்டார். விரியாத மொட்டுகள் பத்து. ஒவ்வொன்றின் மேல்பாதியையும் சீவித் தள்ளினார். மகரந்தம் தருகிற பாகமும் போயிற்று, அதை வாங்குகிற பாகமும் போயிற்று. "மாப்பிள்ளையும் இல்லை, அவர் நுழைய வாசலும் இல்லை. இப்பப் பார்ப்போம்." தேனீ அண்டாதபடி மெல்லிய துணிப் பை கட்டினார்.

விடுமுறை நாட்களில் தொட்டிகள் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போயின. பேருந்து ஓட்டும் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே பிடுங்கி எறியறதை நீ தாலாட்டி வளர்க்கறியே!"

"வெயிலை மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க."

முதல் வாரம் மூன்று மொட்டுகள் அழுகின. அன்றிரவு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு பை உப்பியிருந்தது. அவிழ்த்தால், கிராப்பு வெட்டின தலைபோல, நுனி குட்டையான குடைகளோடு ஒரு பஞ்சுருண்டை! அந்த வாரத்துக்குள் ஏழும் விரிந்துவிட்டன.

ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் உள்ளே ஒண்ணுமில்லாத பொக்கா இருக்கும்."

"இருக்கலாம் சார். முளைக்கப் போட்டுட்டாப் போச்சு."

ஈரத்தாளில் நாற்பது விதைகள். ஒன்பதாம் நாள் முப்பத்தொன்று பச்சை காட்டின. ஆசிரியர் குனிந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். நேராக நூலகத்துக்குப் போனார்.

அடுத்த நாள் காலை, கழுவுதொட்டி அருகே வந்து நின்றார். "அக்கா, பெரிய புத்தகத்துல இருக்கு. இதுல பெரும்பாலும் ஒவ்வொரு விதையும் தாயோட அச்சுதானாம். நான்தான் படிக்காம விட்டுட்டேன்."

அதுவரை 'ஏம்மா' என்றவர், முதல்முறையாக 'அக்கா' என்றார்.

"புத்தகத்துக்கும் தெரிஞ்சிருக்கா? சந்தோஷம் சார்!" அக்காவின் முகமெல்லாம் பல்.

அன்று வகுப்பில் முளைவிட்ட தட்டு வரிசை வரிசையாகக் கைமாறியது. சிரித்த பெண்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டு சாக்பீஸை நீட்டினார். "நீங்களே சொல்லுங்கக்கா."

அக்கா ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு மேடையேறினார். சாக்பீஸை வாங்கி இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை ஆசிரியர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார்.