எடைமேடைக்கு வந்த கோபக்காரர்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் லாரிகளின் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் மட்டும் தெரிகிற புரோகிராம் அது. அறுவடை நேரத்தில் சில லாரிகளுக்கு எடை இரண்டு தடவை பதிவானது.

அந்தப் புரோகிராமை எழுதியவர் தஞ்சாவூரிலிருந்து வந்தார். ஒல்லியான பெண்மணி, முன்தலையில் நரை. எதைப் படித்தாலும் உதடு அசைய முணுமுணுப்பார்.

"இந்தப் பொண்ணு கண்டபடி தட்டுது" என்று டிரைவர்கள் முன்னாலேயே என்னைக் காட்டி முதலாளி அவரிடம் கத்தினார்.

திரை முழுவதையும் புரோகிராமே பிடித்துக்கொள்வதால் பிழை தேட அதில் எதையும் எழுதிக் காட்ட முடியாதாம். அதனால் நான் அழுத்தும் ஒவ்வொரு விசையும், உள்ளே நடப்பதும் தனிக் கோப்பில் பதிவாகும்படி செய்தார். மறுநாள் வந்து அதைப் படித்தவரின் முணுமுணுப்பு சட்டென்று நின்றது.

"சார், இங்க வாங்க. இவங்க ஒரு தடவைதான் அழுத்தியிருக்காங்க. திரையைத் திரும்ப வரையறப்ப புரோகிராமே இன்னொரு தடவை பதிஞ்சிருக்கு. தப்பு என்னோடது."

"சரிம்மா, சரி பண்ணிட்டுக் கிளம்புங்க."

"பண்ணிடுறேன். எல்லார் முன்னாடியும் இவங்களத் திட்டினீங்களே, அத யாரு சரி பண்றது?"

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் கோபமே வரலையாங்க?"

நான் அடுத்த லாரியின் எடையை ஏற்றத் திரும்பிக்கொண்டேன். முதலாளி இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. முன்பின் தெரியாத அவருக்கு அங்கேயே வந்த கோபம், எனக்கு மட்டும் ஏன் அவர் போன பிறகு வந்தது என்பதுதான் புரியவில்லை.